பதினொரு கேள்விகளோடு ஒரகடத்துக்கு

2015 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை 6.40க்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினேன். சேரப்பணஞ்சேரிக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். தூரம் சுமார் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். குஜராத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றிய கட்டுரை இவ்வளவு குறுகிய தூரத்தில் தொடங்குவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அதற்கு அப்பால் போகவில்லை. எங்கள் வீட்டில் வேறு யாரும் போகவில்லை.

என் மருமகன் செல்வகுமாருக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடி வடக்கே வந்து, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறார். என் ஒரே மகள் சுமதியும் அவரும் நான்காம் வகுப்பு படிக்கும் பேத்தியும் சேரப்பணஞ்சேரியில் வாடகை அறையில் குடியிருக்கிறார்கள். அவர் வேலை பார்க்கும் உற்பத்தி லைனை நிர்வாகம் குஜராத்துக்கு மாற்றப் போகிறது. வர விருப்பமுள்ளவர்களுக்கு அங்கே அதே வேலை, தங்க வீடு. விருப்பமில்லாதவர்கள் மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு கட்டங்கள்: விருப்பம் உண்டு, விருப்பம் இல்லை. கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

நான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தை என்னால் மதிக்க முடியாது. பத்து நாளைக்கு முன் செல்வகுமார், "என்ன மாமா செய்யலாம்?" என்று கேட்டபோது, உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்தேன். பணிமூப்பு தொடருமா, மருத்துவ வசதி குடும்பத்துக்கும் உண்டா, எத்தனை வருடம் கழித்துத் திரும்ப மாற்றல் கேட்கலாம் என்று மொத்தம் பதினொரு கேள்விகள். படிவத்தின் இரு கட்டங்களையும் காலியாக விட்டு, குறுக்கே 'விளக்கம் பெற்ற பின் தெரிவிக்கப்படும்' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சேர்த்தேன். கடிதத்தைப் பார்த்து அவர், "நல்லாருக்கு மாமா" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததால்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகுதான் தோன்றியது.

விளக்கம் கேட்டால் காலக்கெடு நின்றுவிடும். அரசு அலுவலகத்தில் இதைத் தலைமை எழுத்தர் முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுவார். பதில் வரும்வரை கோப்பு தூங்கும், யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒப்புகை அட்டை தொழிற்சாலை முத்திரையுடன் திரும்பி வந்து என் சட்டைப் பையில் இருந்தது. ஆகவே அன்று எனக்கு அவசரம் ஏதுமில்லை. சாதக பாதகங்களைக் குடும்பத்தோடு நிதானமாகப் பேசலாம் என்றுதான் கிளம்பினேன். அதற்காக ஒரு முழுத்தாளை நடுவில் கோடு கிழித்து எடுத்துப் போயிருந்தேன். சாதகத்தில் ஐந்து, பாதகத்தில் பதினான்கு.

7.20. வாலாஜாபாத். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாப்பாட்டுப் பையுடன் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். கையில் வெல்டிங் தழும்புகள். என் தாளை ஓரக்கண்ணால் படித்துவிட்டார்.

"குஜராத்தா சார்? நா மூணு வருசம் இருந்துகினு வந்தேன்."

"எப்படி இருக்கிறது?"

"ஒரு கொறையும் இல்ல சார். கரண்டு போவாது. பருப்புல சக்கரய போடுவான், அத்த மட்டும் தாங்கிக்கணும். அப்பால, சாயந்தரமானா நம்ம பசங்க கடையத் தேடிகினு அலைவானுங்க. அந்த ஊர்ல கடையே கெடையாது!" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

மதுக்கடை இல்லை என்பதை நான் ஏற்கெனவே சாதகத்தில் மூன்றாவதாக எழுதியிருந்தேன். "பிறகு ஏன் திரும்பி வந்துவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா செத்துட்டாரு சார். ரயிலு புடிச்சு நா வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிச்சு பாலும் ஊத்திட்டானுங்க. அதுக்கப்பறம் அங்க போவ மனசு வர்ல." சாப்பாட்டுப் பையை மடியில் திருப்பி வைத்தார். "அத்த எழுதிக்கினீங்களா சார்?"

எழுதவில்லை. என் பதினான்கில் அது இல்லை. என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் தனியாக இருக்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு மகள் வருவாள். இதெல்லாம் மருமகனின் பணி மாறுதலுக்குத் தொடர்பில்லாதவை என்று விட்டிருந்தேன். பேனாவை எடுத்தேன், வண்டி குலுங்கியது, மூடி வைத்துவிட்டேன்.

8.00. ஒரகடம் கூட்டுச்சாலை. தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக நின்று நீலச் சட்டைகளை இறக்கின, சாம்பல் சட்டைகளை ஏற்றின. முதுகுப் பையுடன் பத்துப் பதினைந்து வட இந்திய இளைஞர்கள் புதிதாக வந்து, ஒப்பந்தக்காரருக்காகக் காத்திருந்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும்போது அவர்களைக் காட்டி, "அவன் இங்க வர்றான், நம்மாளு அங்க போறான். ரயில்வேக்குத்தான் சார் லாபம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

8.15. சேரப்பணஞ்சேரி. சாலையிலிருந்து ஏழு நிமிட நடை. ஒரே கூரையின் கீழ் எட்டு அறைகள், எட்டு அறைக்கும் ஒரே மோட்டார், மோட்டாரின் சாவி வீட்டுக்காரரிடம். சுமதி குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா. அந்த டப்பாவ தள்ளி வெச்சிட்டு உக்காரு. ஒம்போது மணிக்கு மோட்டார நிறுத்திடுவான்."

பேத்தி பள்ளிக்குப் போயிருந்தாள். செல்வகுமாருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தார். இட்லி சாப்பிட்டபின் தாளைப் பிரித்தேன். பாதகங்களை வரிசையாகச் சொன்னேன். ரேஷன் அட்டையை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். எரிவாயு இணைப்புக்கு மாற்றல் சீட்டு. பேத்தியின் மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம். மோட்டார் சைக்கிளுக்குத் தடையின்மைச் சான்று, அங்கே போய் மறுபதிவு. முக்கியமாக, இங்கே வாங்கிய சாதிச் சான்று அந்த மாநில இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. நாளைக்குத் திரும்பி வந்தால், பேத்தி இந்த மாநிலத்தில் படித்த ஆண்டுகள் போதவில்லை என்று கல்லூரிச் சேர்க்கையில் இருப்பிடச் சான்று கேட்பார்கள்.

"இதெல்லாம் செய்ய முடியாததா மாமா?" என்று செல்வகுமார் கேட்டார்.

"முடியும். எல்லாவற்றுக்கும் வழிமுறை இருக்கிறது."

"அப்ப அது எப்படி பாதகம்?"

சுமதி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நா சொல்றத கேளு. இந்த வேல போனா இங்க ஒப்பந்தத்துலதான் எடுப்பானுங்க. இவருக்கு முப்பத்தஞ்சு ஆவுது. இருவது வயசு பசங்களோட கேட்ல நிக்கணும். அங்க போனா பர்மனென்ட்டு, ரெண்டு ரூம்பு வீடு. கொழாயத் தொறந்தா தண்ணி வரும்னு போட்டோ காட்டினாரு. இந்தி தெரியாது, கத்துக்குவேன். சாதிச் சான்று பத்து வருசம் கழிச்சு. தண்ணி நாளைக்கி."

"சங்கரன்கோயிலுக்குப் போகலாம்னா அண்ணன் கடைல ஒரு ஸ்டூலு போட்டு உக்காரலாம், அம்புட்டுதான்" என்றார் செல்வகுமார். "ஒம்போது வருசமா படிச்ச வேலய விட்டுட்டு எப்படி மாமா? போயிருதோம். ஒரு அஞ்சு வருசம் பாக்குதோம்."

"உன்ன விட்டுட்டு போறதுதான்பா..." என்று சுமதி ஆரம்பித்தாள். என் தாளை எடுத்துப் பார்த்தாள், மேலிருந்து கீழே படித்தாள். "இதுல நீயே இல்லையேப்பா" என்றாள்.

நான், "இடப்பற்றாக்குறை" என்றேன். அவள் சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு. அந்தக் கணம் எனக்கும் மனம் தெளிந்துவிட்டது. போகட்டும், தண்ணீர் வருகிற ஊருக்குப் போகட்டும். "சரி, கிளம்புங்கள் மாப்பிள்ளை. ஷிப்டுக்கு முன்னால் படிவத்தில் டிக் அடித்துவிடலாம்" என்றேன்.

1.10. ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அந்த லைனு மூட்ற கம்பெனியா சார்? நேத்திலேர்ந்து அங்கதான் சவாரி. எல்லாரும் அப்பாவ இட்டுகினு வர்றானுங்க, மாமாவ இட்டுகினு வர்றானுங்க, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி" என்றார். செல்வகுமார் சிரித்து, "எனக்கு மாமாதான் எல்லாம் எழுதித் தந்தாக" என்று பெருமையாகச் சொன்னார்.

1.30. தொழிற்சாலை வாயில். பெயர், முகவரி, யாரைப் பார்க்க, எதற்கு, உள்ளே போன நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். முறையான இடம் என்று எனக்குத் திருப்தி. மனிதவளப் பிரிவில் ஓர் இளம்பெண் கணினியில் செல்வகுமாரின் டோக்கன் எண்ணைத் தட்டினாள்.

"உங்களுது வந்துடுச்சே சார். பதினொண்ணாம் தேதியே."

"ஆமாம். விளக்கம் கேட்டிருந்தோம். பதில் வரவில்லை. பரவாயில்லை, இப்போது விருப்பத்தைத் தெரிவித்துவிடுகிறோம்."

அவள் திரையையும் என்னையும் பார்த்தாள். "சார், இதுல 'நாட் வில்லிங்'னு ஏத்தியாச்சு."

அப்படி நாங்கள் எழுதவில்லை என்றேன். கட்டம் காலியாக இருந்தாலோ, நிபந்தனை போட்டு எழுதினாலோ, விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு என்றாள். படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சிறிய எழுத்தில் நான்காவது வரி. முப்பத்து நான்கு வருடம் பிறருடைய மனுக்களில் பின்பக்கம் படிக்கவில்லை என்று குறை சொன்னவன் நான். அன்று என் கண்ணில் முன்பக்கம் மட்டும்தான் பட்டிருந்தது.

"கடைசி நாள் இன்று மாலை ஐந்து மணி என்றுதானே இருக்கிறது?"

"அது இன்னும் பதில் தராதவங்களுக்கு சார். ஒருத்தருக்கு ஒரு பதில்தான். உங்களுது வந்துடுச்சு." அவள் குரலில் கடுமை இல்லை. "பேசாம விட்டிருந்தா இப்ப டிக் அடிச்சிருக்கலாம்."

மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார், தண்ணீர் வரவழைத்தார், அதே மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னார். மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று கேட்டேன். என் வாழ்நாளில் அதற்கு வழியில்லாத ஓர் உத்தரவை நான் பார்த்ததில்லை. "இது உத்தரவு இல்லை சார், உங்கள் பதில்" என்றார்.

வெளியே வரும்போது கூடத்தில் ஒரு தொழிலாளி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையுடன், படிவத்தை வைத்துக்கொண்டு பேனா தேடினார். "சார், ஒரு நிமிசம்" என்று என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். சுவரில் தாளை வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் படிக்காமல், முதல் கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பித் தந்தார். மொத்தம் அரை நிமிடம்.

செல்வகுமார் வாயில்வரை என்னோடு வந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "விடுங்க மாமா. நல்லதுக்குத்தான செஞ்சீங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

3.00. சேரப்பணஞ்சேரி. சுமதியிடம் நானே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "கடிதாசி எழுதச் சொல்லி அவரு உன்னக் கேட்டாராப்பா?" என்றாள்.

என் பதினொரு கேள்விகளில் இது இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டார் என்றேன். அது உண்மைதான். ஆனால் திரும்ப மாற்றல் எத்தனை வருடத்தில் என்று ஏழாவதாக எழுதியபோது யாரை நினைத்து எழுதினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. "சாப்ட்டுட்டு போ" என்று தட்டைக் கழுவினாள். குடத்துத் தண்ணீரை அளந்துதான் ஊற்றினாள்.

4.30. திரும்பும் பேருந்து. அதே இருபத்திரண்டு ரூபாய். ஒரகடத்தில் காலையில் நின்ற வட இந்திய இளைஞர்கள் இல்லை. ஒப்பந்தக்காரர் கூட்டிப் போயிருப்பார். அவர்கள் யாரும் ஊரில் தாளில் கோடு கிழித்திருக்க மாட்டார்கள். வாலாஜாபாத் தாண்டியதும் என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. 'விளக்கம் கோரித் திருப்பப்படுகிறது' என்று ஒரு ரப்பர் முத்திரை வைத்திருந்தேன். நாளுக்கு எத்தனை மனுவில் குத்தியிருப்பேன். அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் எந்தப் பேருந்தில் போனார்கள், வீட்டில் அவர்களை யார் என்ன கேட்டார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காஞ்சிபுரத்தில் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும். எட்டு வீட்டுக்கு ஒரு சாவி இல்லை. அந்த வீட்டில் நான் ஒருவன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை செல்வகுமார் தொலைபேசியில் கூப்பிட்டார். கணக்கு முடிந்துவிட்டது, சங்கரன்கோவிலுக்கே போகிறார்கள், அண்ணன் கடை. காஞ்சிபுரத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மாதம் இரண்டு ஞாயிறு நடக்காது.

"மாமா, ரேஷன் கார்ட அங்கன மாத்தணும்னா என்ன செய்யணும்? நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

மாநிலத்துக்குள் என்றால் எளிது. இங்கே வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு மனு, பெயர் நீக்கச் சான்று, அங்கே அந்தச் சான்றுடன் இருப்பிட ஆதாரம். எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.