கடலூர் நீச்சல்குளத்தில் பெண்கள் பேட்ச்

1. காலியான குளம்

2008இல் நான் கடலூர் மையத்தில் நீச்சல் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் நாள், பெண்கள் நேரத்தில் குளத்துக்கு வந்தது ஒரு காக்கை மட்டும்தான். ஓரத்து வாய்க்காலில் இறங்கி நிதானமாகக் குளித்துவிட்டுப் போனது. நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அதற்கு முன் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். இந்த விளையாட்டு மையம் சுனாமிக்குப் பிறகு நன்கொடையில் வந்தது. தேவனாம்பட்டினம் போகும் சாலையில் முதலில் ஒரு ஹால் மட்டும் கட்டினார்கள். கொஞ்ச காலம் அதில் நிவாரண அரிசி மூட்டைகள் இருந்தன. அப்புறம் கேரம் போர்டு வந்தது, ஜிம் மெஷின்கள் வந்தன, ஷட்டில் கோர்ட் வந்தது. கடைசியாக நீச்சல்குளம். ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: ஜிம்மு.

குளம் வந்ததற்குக் காரணம் செயலாளர் தண்டபாணி சார். ஓய்வுபெற்ற என்ஜினியர், கனத்த உடம்பு, உரத்த குரல். குளம் கட்டி முடியும்வரை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர். ஒரு டைல்ஸ் பெயர்ந்தால்கூட அன்று அவருக்குச் சோறு இறங்காது. காலையும் மாலையும் ஆண்களுக்கு, மதியம் இரண்டு முதல் நான்கு வரை பெண்களுக்கு என்று நேரம் பிரித்ததும் அவர்தான். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் குளத்துப் பக்கம் வரக்கூடாது, கரையில் நின்று காவல் பார்க்கும் லைஃப் கார்டு உட்பட. அப்படிச் செய்தால்தான் பெண்கள் வருவார்கள் என்று நம்பினார். நம்பிக்கை சரிதான். ஆனால் வருவதற்கு முதலில் ஒருத்தர் வேண்டுமே!

2. கனகவல்லி

இரண்டாவது வாரம் ஒரு பெண் கேட்டுக்கு வெளியே மீன் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். தேவனாம்பட்டினத்துக்காரர், தெருத்தெருவாக மீன் விற்பவர்.

"பொம்பளைங்களுக்கு நீச்ச சொல்லித் தர்ற டீச்சர் நீங்கதானா?"

"நான்தாம்மா. கத்துக்கிறீங்களா?"

"கத்துக்கணும். ஆனா தண்ணின்னாலே எனக்குக் கை காலு ஒதறும்."

பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். "மொதல்ல பயத்தைப் போக்கிடுவோம். அப்புறம் நீச்சல் தானா வந்துடும்."

"பயம்லாம் போவாது டீச்சர். பயத்தோடவே எப்பிடி நீஞ்சறதுன்னு சொல்லிக் குடுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சில நாள் கழித்து, ஆழம் குறைந்த ஷாலோ பக்கத்துப் படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார். சுனாமி அன்று வீட்டுக்காரர் கடலுக்குள் போயிருந்தார். ஆழத்தில் இருந்த போட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மத்தியானம் திரும்பிவிட்டார். கரையில் இருந்த கனகவல்லி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. புடவை காலைச் சுற்றிக்கொண்டது. கனகவல்லி ஒரு தென்னை மரத்தில் மோதி நின்றார். தங்கை நிற்கவில்லை.

"கடக்கரைலயே பொறந்தோம் டீச்சர். ஆம்பளைங்க எல்லாம் நீஞ்சுவாங்க. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தர்ல. எங்க தெருவுல போனதுல பொம்பளைங்கதான் ஜாஸ்தி."

முகத்தைத் தண்ணீரில் வைக்கவே அவருக்கு வெகு நாளாயிற்று. தினமும் கைகால் உதறும். தினமும் இறங்குவார். அழுதுகொண்டே கிக் போர்டு என்கிற மிதவைப் பலகையைப் பிடித்துக் கால் அடித்த வேறு ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் முதலில் கிண்டல் செய்தாராம்: "வூட்டு வாசல்ல இம்மாம் பெரிய கடல் கெடக்குது, இவ தொட்டியில போயி நீஞ்சறா!" ஒரு நாள் முதுகைத் தண்ணீரில் சாய்த்து, நான் கையை எடுத்தது தெரியாமல் மிதந்தார். தெரிந்ததும் பதறவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தார். கரையேறியதும், "நாளைக்கு எங்க தெருவுலேந்து நாலு பேர இட்டாறேன்" என்றார்.

அழைத்தும் வந்தார். புடவையில் இறங்கக்கூடாது என்று நான் சொன்னதற்குச் சிலர் தயங்கினார்கள். முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடுப்பைச் சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த டெய்லரிடம் தைத்துக் கொண்டுவந்தேன். அதைப் பார்த்த பிறகு டவுனிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். லால்பேட்டையிலிருந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நூர்ஜஹான் அப்படிச் சேர்ந்தவர்தான். ஒரு வருஷத்தில் காக்கைக்கு இடமில்லாமல் போயிற்று.

3. டீப் எண்டு

ஒரு மதியம் நான் ஷாலோவில் புதிதாகச் சேர்ந்தவரை மிதக்க வைத்துக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தவர், கை வழுக்கி, லேன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் டீப்பில் போய்விட்டார். சத்தமே இல்லை. முழுகுகிறவர்கள் கத்துவதில்லை, கத்த மூச்சு இருக்காது. தலை மேலே வருவதும் போவதும் தெரிந்ததும் நான் பாய்ந்து போய் இழுத்து வந்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தார். இருமினார், வாந்தி எடுத்தார். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கேட்டில் நோட்டீஸ்: பெண்கள் பேட்ச் நிறுத்தப்படுகிறது.

கமிட்டிக் கூட்டத்தில் தண்டபாணி சார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க சொல்லிக் குடுக்கிறவங்க. கரையில நின்னு பாக்கிறதுக்குத் தனியா ஒரு லைஃப் கார்டு வேணும். ஆம்பளைய விட முடியாது. பொம்பளை லைஃப் கார்டு இந்த ஊர்ல கெடையாது. ஒரு உயிர் போயிடுச்சின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அறைக்கு வெளியே கனகவல்லியும் நூர்ஜஹானும் நின்றிருந்தார்கள். முழுகி எழுந்த நூர்ஜஹான்தான் முதலில் உள்ளே வந்து பேசினார். "அல்லாஹ் காப்பாத்திட்டான் சார். ஆனா பாதி கத்துக்கிட்டு நின்னா அதுதான் ஆபத்து. முழுசா கத்துக்க விடுங்க."

தண்டபாணி சார் தலையை ஆட்டினார். "லைஃப் கார்டு இல்லாம முடியாதும்மா."

"நான் பாக்கறேன் சார்," என்றார் கனகவல்லி. "என்னா தெரியணுமோ கேளுங்க. ஆம்பளைங்களுக்கு வெக்கிற டெஸ்டையே வெய்யுங்க. தேறலன்னா நானே போயிடறேன்."

4. டெஸ்ட்

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். காலையில் மீன் விற்று முடித்ததும் கனகவல்லி நேராகக் குளத்துக்கு வருவார். அடியில் போட்ட ரப்பர் செங்கல்லை எடுத்து வருவது, ஆளைப் பின்பக்கமாகப் பிடித்து மல்லாக்க இழுப்பது, பிடித்துக்கொள்ளும் ஆளிடமிருந்து விடுபடுவது, மூச்சு நின்றவருக்கு முதலுதவி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். விடுபடுவதைப் பழகும்போதெல்லாம் அவர் முகம் வெளுத்துப்போகும். முடித்துவிட்டுக் கரையில் தனியாகப் போய் உட்காருவார். பிறகு எழுந்து வந்து, "இன்னொரு தபா" என்பார்.

டெஸ்ட் அன்று கமிட்டி முழுக்க வந்திருந்தது. குளத்தின் முழு நீளமும் நீந்தினார். செங்கல்லை எடுத்தார். கடைசியாக ஆளை இழுக்க வேண்டும். முழுகுகிறவராக நடிக்க நூர்ஜஹான் தயாராக நின்றார்.

"வேணாம்," என்றார் தண்டபாணி சார். "தெரிஞ்ச ஆளு ஒத்துழைப்பாங்க. நெசமா முழுகுறவன் ஒத்துழைக்க மாட்டான். நான் எறங்கறேன்."

சட்டையைக் கழற்றி, பனியனும் அரைக்கால் சட்டையுமாக டீப்பில் இறங்கினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கை காலை அடித்துத் தண்ணீரைக் கலக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கனகவல்லி பக்கத்தில் போனதும் சார் பாய்ந்து அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய கனம் அத்தனையும் கனகவல்லி மேல். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை. நான் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்: கட்டிப்பிடித்தால் மேலே வரப் போராடாதே, அவரோடு கீழே போ, காற்றுக்காக அவரே விட்டுவிடுவார். சொல்வது சுலபம். தண்ணீர் மூடிக்கொண்ட அந்த நேரத்தில் அந்தப் பெண் மனதில் என்ன வந்து போயிற்றோ, எனக்குத் தெரியாது.

தண்டபாணி சார் திணறிக்கொண்டு மேலே வந்தார். அவருக்குப் பின்னால் கனகவல்லியின் தலை வந்தது. அவர் கை ஒன்று சாரின் தாடைக்கு அடியில் போயிற்று. "ஆடாம கெடங்க சார், கரைக்குப் போயிடலாம்." குளத்தின் இந்தக் கோடிவரை மல்லாக்க இழுத்துவந்து கம்பியில் அவர் கையை வைத்தார்.

சார் படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "நடிக்கத்தான் எறங்குனேன். உள்ள போனதும் நெசமாவே பயந்துட்டேன். அந்தம்மா பயந்த மாதிரியே தெரியல. நோட்டீஸக் கிழிச்சிப் போடுங்க."

"பயந்தேன் சார்," என்றார் கனகவல்லி, தலையைத் துவட்டிக்கொண்டே.

5. அதற்குப் பிறகு

அடுத்த வாரம் சாரின் மனைவி ஒரு பையோடு வந்து நின்றார். "எங்க வூட்டுக்காரர இழுத்துப் போட்டது யாரு? அவங்ககிட்டதான் நான் கத்துக்கணும்."

2012இல் நான் ஓய்வுபெற்றபோது கனகவல்லி சம்பளம் வாங்கும் லைஃப் கார்டு. மீன் வியாபாரத்தைத் தங்கை மகளிடம் விட்டிருந்தார். சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையிலிருந்துகூடப் பெண்கள் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மையங்களை நடத்த வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாதுகாப்பு விதி ஒன்று குறுக்கே நின்றால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். அன்று நாங்கள் கெஞ்சியிருந்தால் இரக்கப்பட்டு ஒரு மாதம் திறந்திருப்பார்கள், அடுத்த விபத்தில் ஒரேயடியாக மூடியிருப்பார்கள். விதியை நிறைவேற்றும் ஆளை உங்களிடம் வருகிறவர்களிலிருந்தே தயார் செய்யுங்கள். எனக்கு அது தோன்றவில்லை. பயிற்சி கொடுத்தது நான்தான், ஆனால் தன்னையே அந்த ஆளாகத் தயார் செய்யச் சொல்லி முன்னால் வந்து நின்றவர் கனகவல்லி.