வலது காலுக்கு ஒரு சீட்டு

ஜப்பான்காரன் வந்ததும் முதலில் மாறியது கடிகாரம். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாயாவிலும் மணி என்று உத்தரவு. சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் காலை ஏழரை மணிக்கும் இருட்டிலேயே ஆள் கூட்டிப் பெயர் கூப்பிட்டார்கள். சூரியனுக்கு மட்டும் உத்தரவு எட்டவில்லை. பெயர் கூப்பிட்ட பிறகு செய்ய வேலையும் இல்லை. ரப்பரை வாங்க ஆளில்லாமல் போயிருந்தது. தின்ன மரவள்ளிக்கிழங்கு, மற்றபடி திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர். மரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நாடாவாக உரித்து இறுக்கிச் சுற்றி, நான் ஒரு பந்து செய்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. அங்கே கற்றதில் மிஞ்சியது, வலது காலால் பந்தை உதைப்பது. பிறகு இரண்டு மூன்று ஊர் சுற்றிக் கப்பலேறி வந்தேன். சண்டைக்கு முன்னால் தோட்டத்து அணியில் சேரப் போனபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மச்சான்தான் காப்டன்; அவர், "ஒன் இடது காலு வெறகுக்கட்டைலா, ஒத்தக்கால் ஆளு வேணாம்" என்று அனுப்பிவிட்டார். இந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். வரிசை வீடுகளுக்கு வரிசைக்கு ஓர் ஆள். எங்கள் வரிசையில் என் பெயர். மறுநாள் காலை நான் வலது காலை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். ஜப்பான்காரன் பார்த்தான், தலையாட்டினான். வலது கால் ஊனம் என்று முத்திரை குத்திய சீட்டு கிடைத்தது. வாய்க்கு அரிசி இல்லாத ராஜ்யத்தில் காலுக்குக் காகிதம் கிடைத்தது. கிராணி என் பெயரை அடித்துவிட்டு, அடுத்த அறை முனியாண்டி அண்ணன் பெயரை எழுதினார்.

நொண்டி வலது காலால் பந்து உதைக்கலாமா? ஆகவே இடது கால் மட்டும். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடம் சும்மாக் கிடந்தது. அதன் பின்சுவரில் கரியால் வட்டம் போட்டு உதைத்தேன். முதலில் பந்து சாக்கடைக்கே போனது. ஒரு வாரத்தில் சுவரைக் கண்டுபிடித்தது, பிறகு வட்டத்தை. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து கிழங்கு கொண்டுவரும் பாக் மாட் ஒருநாள் நின்று பார்த்தார். "காக்கி சாகிட்?" என்றார். கால் வலியா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். ஆடிக்கொண்டிருந்த காலைத்தான் நோய்க்கால் என்று நினைத்து, எண்ணெய் கொண்டுவந்து இடது காலைப் பிடித்து நீவித் தள்ளினார். அரசாங்கத்துக்கு வலது கால் நொண்டி, கம்பத்துக்கு இடது கால் நொண்டி. நீவிய வலியில் இரண்டு நாள் நிஜமாகவே நொண்டினேன்.

சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வருவதற்கு முதல் நாள் முனியாண்டி அண்ணன் வந்து குந்தினார். நான் பந்து உதைப்பதைப் பார்த்தார்.

"தம்பி, இடது காலால ஒதைக்கிறியே, அப்ப எந்தக் காலுல நிக்கிற?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

"மொத்த ஒடம்பையும் நொண்டிக் காலுதான் தாங்குது. ஜப்பான்காரனுக்குப் பந்து தெரியாதுன்னு நெனச்சியா?"

"சொல்லிருவீங்களாண்ணே?"

"சொன்னா ஒன்னையும் சேத்து ஏத்துவான். என்னைய எறக்கி விடமாட்டான்லா." எழுந்து இடுப்பில் கட்டிய சாரத்தைத் தட்டிக்கொண்டார். "ஆளு வந்தா சுவத்தப் புடிச்சுக்கிட்டு நில்லு. இந்த நொண்டி வேஷம் அண்ணிக்கும் தெரிய வேணாம்."

மறுநாள் போனார். திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் காப்டனே தேடி வந்தார், இடது காலின் பெருமை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நொண்டி எப்படி ஆடுவது என்று அனுப்பிவிட்டேன். முனியாண்டி அண்ணன் மனைவி அஞ்சலை அண்ணி இன்றும் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். "கால் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்பாள்.

"கை கால் சுகமா, எப்போது வருகிறாய்?" என்று அம்மாவும் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள். சுகம் என்றே எழுதுகிறேன். ஊரில் எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, அண்ணி வாசலைத் தாண்டி நொண்டிக்கொண்டே அறைக்குத் திரும்புகிறேன்.