ஐந்தரை மணி நேரத் தூரம்

மகளின் விமானச் சீட்டை அச்செடுத்து மேசையில் வைத்ததும் என் கை தானாக டிராயரில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைத் தேடியது. தைத்த பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கர். அப்படி இரண்டு அம்புகள் ஒட்டிய சீட்டு ஒன்றை எங்கள் கம்பெனியின் செக்கிங் அக்கா நெடுநாள் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

மண்ணரை என்ற பகுதியில் இருந்த அந்தப் பனியன் யூனிட்டில் அவர் கண்ணுக்கு ஒரு தையல் தப்பியதில்லை. வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் சரக்கை அவர் திருப்பி அனுப்பாத நாளே கிடையாது. அவருடைய ஒரே மகன் டொராண்டோவுக்கு வேலைக்குப் புறப்பட்டபோது நான்தான் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தேன். டெல்லியில் மூன்று மணிக்கு ஏறி டொராண்டோவில் எட்டரைக்கு இறங்க வேண்டும். அக்கா இரண்டு நேரங்களுக்கும் அம்பு ஒட்டி, விரல்விட்டு எண்ணினார்.

“அஞ்சரை மணி நேரந்தானுங்களா தம்பி? திருச்செந்தூர் போறதுக்கே இதவிட அதிகமாகுமுங்களே!”

அது நம்முடையதைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடும் அந்த ஊர்க் கடிகாரத்தின் எட்டரை என்பது, வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் மாரடிக்கிற எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற மகன் கண்ணைக் காட்டினான். வெளியே வந்ததும், “சொல்லிப்போடாதீங்கண்ணா, அம்மா உடமாட்டாங்க” என்றான். நானும் விட்டுவிட்டேன். பிறகு அந்த ஐந்தரை மணி நேரந்தான் அக்காவுக்குத் தெம்பு. மகன் நினைவு வந்தால் மேசைக் கண்ணாடியைத் துடைத்துச் சீட்டைப் பார்ப்பார். நல்ல காரியம் செய்ததாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். எடுப்பதற்கு உறவினர்கள் அவசரப்பட, அக்கா வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்.

“எடுத்துப்போடாதீங்க சாமி. எம் மவனுக்குச் சொல்லியாச்சு. அஞ்சரை மணி நேரந்தானுங்க, பொழுதுக்குள்ள வந்துருவானுங்க.”

அவனோ சற்று முன்தான் என்னிடம் போனில் அழுதிருந்தான். அன்றைக்கு விமானத்தில் இடமில்லை. மூன்றாம் நாள்தான் வந்து சேர முடியும். அதை அக்காவிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானே சொன்னேன். டெல்லியிலிருந்தே பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆகாயத்தில் மட்டும் பதினைந்து மணி நேரம், சீட்டைக் கொடுத்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பது வரை சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அத்தன தூரமுங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது என் மகள் அதே ஊருக்குப் படிக்கப் போகிறாள். சீட்டிலும் அதே மூன்று, அதே எட்டரை. “எத்தன மணி நேரமாகுமுங்க?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். டெல்லியிலிருந்து பதினைந்து என்று மறைக்காமல் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்ப்பது நின்றுவிட்டது. நான் இரண்டு அம்புகளையும் ஒட்டிவிட்டு, எட்டரையிலிருந்து மூன்றை ஒருமுறை கழித்துப் பார்த்தேன்.