காதோடு சொன்னவள்

ஓடிப்போனாளாம்! யார் பார்த்தது? பட்டப்பகலில், வாசல் வழியாக, என் கண் முன்னால் நடந்து போனவளை ஓடிப்போனவள் என்கிறாள் மாடிவீட்டுக்காரி. அவள் வாய்க்குப் பூட்டுப் போட என்னால் ஆகாது. ஆனால் என் சின்ன மருமகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் போகிறேன்.

என் சின்ன மகன் செத்துப்போன பிறகு அவள் நாடகக் கொட்டகையில் துணிமணி வேலைக்குச் சேர்ந்தாள். கிழிந்ததைத் தைப்பாள், இஸ்திரி போடுவாள். நாடகப் புத்தகத்தில் பேச்சுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள், யார் எப்படி வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று போட்டிருக்குமாம். எனக்கு எழுத்து தெரியாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள்தான் சொல்வாள். 'நனைந்த சட்டையோடு வருகிறான்' என்று இருந்தால், சட்டையை நனைத்துக் கொடுப்பது இவள் பொறுப்பு.

"நடிக்கறவங்களுக்குப் பேச்சு இருக்கு அத்தை, எனக்கு அடைப்புக்குறி இருக்கு" என்று சிரிப்பாள்.

நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர் ஒருவர் வாரம் தவறாமல் நாடகத்துக்கு வருவார். கண் தெரியாது. எல்லோரும் சிரிக்கும்போது பக்கத்து ஆளிடம் "என்ன ஆச்சு?" என்பார். "உஷ்" என்பார்கள். திரை தூக்கிவிட்டால் இவளுக்கு வேலை கிடையாது. ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புத்தகத்தில் படித்ததைக் காதோடு சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். இருட்டில் ஆம்பிளை காதில் குசுகுசுவென்று பேசுகிறாள் என்று தெருவெல்லாம் பற்றிக்கொண்டது.

நான் சும்மா இருப்பேனா? டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"சோகமா நிக்கறா" என்றாள் இவள்.

"சோகத்தை நான் பாத்துக்கறேம்மா. கை என்ன பண்ணுது?"

"கடிதாசியக் கிழிக்கணும்னு புத்தகத்துல இருக்கு. இவ கிழிக்கல. மடிச்சு மடிச்சு நகத்தளவு ஆக்கிட்டா."

அவர் நீளமாக மூச்சு விட்டார். கண் இருந்தும் அந்தக் கடிதாசியை நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் நானும் அவள் சொல்வதைக் கேட்டுக்கேட்டுத்தான் நாடகம் பார்த்தேன். மாடிவீட்டுக்காரிக்கும் தெரியட்டும்: அன்றைக்கு என் முந்தானை நனைந்துவிட்டது.

பிறகு அவர் தன்னைப்போல இன்னும் பலரை அழைத்துவந்தார். கொட்டகை முதலாளி இவளுக்கு அதையே வேலையாகக் கொடுத்தார். இவள் மைக்கில் மெதுவாகச் சொல்ல, அவர்கள் காதில் மாட்டிய கருவியில் கேட்கும். தினமும் நாடகம், தினமும் வேலை. என் பெரியவனுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"தெருவுல தலை காட்ட முடியல. கொட்டகையா, வீடா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும் வேணும்னு சொன்னா, மாமா?"

"அப்ப வீடு இல்ல."

"வாயை மூடுடா! அவ என்ன உன் சம்பளத்துலயா சாப்பிடறா?" என்று நான் கத்தினேன். வீடு அவன் பெயரில் இருக்கிறது. எனக்குச் சொந்தம் என் சத்தம் மட்டும்தான்.

அவள் பெட்டியை எடுத்தாள். கொடியில் காய்ந்த என் துணிகளை மடித்துக் கட்டிலில் வைத்தாள். வாசல் சாவியை அவன் நீட்டிய கையில் கொடுக்காமல் என் மடியில் போட்டாள்.

"கொட்டகைக்குப் பின்னாடியே ரூம் பாத்துக்கறேன் அத்தை. ஞாயித்துக்கிழமை வாங்க. முன்வரிசையில இடம் போடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மாடியில் ஜன்னல் திறந்தது. அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வரேங்க!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு ஓரமாக ஒதுங்காமல் நடுத்தெருவில் நடந்து போனாள்.