இசக்கிச்செல்வி இரும்புக் குழாயைப் பிடுங்கிய கதை

கடற்கரை என்ற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள இசக்கிச்செல்வி உடனே தலையாட்டியதற்குக் காரணம் ஒரு குழாய். பெண் பார்க்க வந்தவர்களோடு வந்த தரகர், மாப்பிள்ளை தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்க்கிறார், சொந்த வீடு, பழைய வீடானாலும் கோவில்பட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியாக, "அடுப்படிக்குள்ளயே குழா இருக்கு, திருகுனா தண்ணி வரும்" என்றார். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு மற்றதெல்லாம் காதோடு போய்விட்டது. நாகலாபுரத்தில் விடிந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண் அவள். அடுப்படிக்குள் நின்றபடியே தண்ணீர் பிடிக்கும் வாழ்க்கை ஒன்று இருக்கிறதென்றால், அந்த மாப்பிள்ளைக்கு மூக்கு சற்றுப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

தரகர் பொய் சொல்லவில்லை. குழாய் இருந்தது. ஆனால் அது கடற்கரையின் அப்பா வீடு கட்டியபோது போட்ட இரும்புக் குழாய். தெருவிலிருந்து வந்து, வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் மண்ணுக்கடியில் ஓடி, பின்பக்கத் தரைத்தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றினால், சுவருக்குள் புதைத்த குழாய் வழியாக அடுப்படிக்கும் குளியலறைக்கும் இறங்கும். இவள் வந்து விளக்கேற்றிய வருஷத்தில் விரல் கனத்துக்கு வந்த தண்ணீர், இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது நூலாகிப் போனது. திருகினால் முதலில் செம்பழுப்பாக ஒரு வாய் துப்பும். அப்புறம் சொட்டும். வெள்ளைத் துணி எதைத் துவைத்தாலும் காவியாக மாறியது. அவ்வப்போது ஏதாவது ஓர் இடத்தில் கசியும். கடற்கரை சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்கிவிடுவான். வீட்டில் கட்டுப்போடாத குழாயே இல்லையென்று ஆனது.

மழை பொய்த்துக்கொண்டே வந்த, இரண்டாயிரத்துக்குப் பிறகான ஒரு கோடை. நகரத்துக்குக் குடிதண்ணீர் எப்போதாவதுதான் வந்தது. தண்ணீர் வரும் நாளென்றால் தெருவே திருவிழாப் போலாகிவிடும். அன்றும் அப்படித்தான். பக்கத்து வீட்டு வேதமணி டீச்சர் வீட்டில் குடம் நிறையும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் வாளிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிச்செல்வியின் தரைத்தொட்டியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

எங்கேயோ களகளவென்று சத்தம் கேட்டது. சந்துக்குள் ஓடினாள். கோடையில் கரிசல் மண் வெடித்துக் கை நுழைகிற அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. மண்டியிட்டுக் காதை வைத்தாள். அந்த வெடிப்புக்குள்தான் அவளுடைய தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"ஐயையோ, அம்புட்டுத் தண்ணியையும் மண்ணு குடிக்குதே!"

கடப்பாரையை எடுத்து அவளே தோண்டினாள். குழாயைக் கண்டுபிடிப்பதற்குள் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டது. உடைந்த இடத்தைப் பிடித்து இழுத்தபோது, முழ நீளத் துண்டு நமத்துப்போன முறுக்கு மாதிரி கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு சேலையில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடத் தட்டாமல் நேரே தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் இப்படி ஓர் ஆபீசில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கியவள்தான், கூச்சம் ஒன்றுமில்லை. கணவனின் மேசைமேல் டமாரென்று குழாய்த் துண்டை வைத்தாள்.

"என்னட்டி இது?" என்று கடற்கரை பதறி எழுந்தான்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு இதுக்குள்ள பாருங்க."

அவன் தூக்கிப் பார்த்தான். "வெளிச்சமே தெரியலயே."

"எப்பிடித் தெரியும்? துருவும் உப்பும் அடச்சு, பென்சிலு போகக்கூட வழியில்ல. இதுக்குள்ள வந்த தண்ணியத்தான் நம்ம பிள்ளைக குடிக்குதுக."

"சாயங்காலம் வந்து டியூப்பு சுத்திவிடுதேன்."

"ஒங்க டியூப்பும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். வீட்டுல உள்ள அம்புட்டு இரும்பையும் பிடுங்கப் போறேன். சீட்டு எடுத்த பணம் இருக்கு. சரின்னு சொல்லுங்க, போதும்."

சுற்றிலும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரை இன்னொரு தடவை குழாய்க்குள் பார்த்தான். "சரி" என்றான்.

மறுநாளே பிளம்பர் ஜான்பீட்டர் வந்துவிட்டான். கடற்கரையை அண்ணாச்சி என்றும் இவளை மதினி என்றும் கூப்பிடுகிற, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். சந்தில் தோண்டிய குழியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இந்த மண்ணு ஒரு எடத்துல இருக்காது மதினி. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். பைப்பையும் சேத்து இழுக்கும். இரும்பு வளையாதுல்லா, மூட்டுல மரை வெட்டுன எடத்துல போயி முறிஞ்சிரும். நம்ம பிளாஸ்டிக் பைப்பு போட்டு, சுத்தி ஆத்துமணலக் கொட்டிருவோம். மண்ணு அதுபாட்டுக்கு ஆடட்டும், பைப்பு இதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."

பிள்ளைகள் முழுப்பரீட்சை லீவுக்கு நாகலாபுரம் போயிருந்தார்கள். வீடு முழுவதையும் கலைத்துப்போட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சுவரில் உளி விழ விழ இசக்கிச்செல்விக்கு உற்சாகம் ஏறியது. இருபது நாள் அழுக்குத் துணியைத் துவைத்துக் காயப்போட்ட மாதிரி ஒரு சுகம். ஒவ்வொரு இரும்புக் குழாயும் சுவரை விட்டு வெளியே வரும்போது அவளும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பழைய குழாய்கள் சந்தில் குவிந்தன. புதுக் குழாய்கள் வெள்ளைவெளேரென்று வந்து இறங்கின. ஜான்பீட்டர் ஆக்சா பிளேடால் அறுத்து, முனையை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, வளைவான எல்போவுக்குள் செருகிச் சற்றே திருகிப் பிடிப்பதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். வீட்டுக்குள் வேலை முடிந்தது. தெருவிலிருந்து சந்தின் பாதிவரை வந்தாயிற்று.

அப்போதுதான் அது நடந்தது. தரைத்தொட்டியின் ஓரத்தில் கடைசி இரும்புத் துண்டு ஒன்று அசைய மறுத்தது. ஜான்பீட்டர் பைப் ரிஞ்சைப் பூட்டி உடம்பு முழுவதையும் சாய்த்தான். குழாய் படக்கென்று முறிய, அவன் மல்லாக்கப் போய்ப் பழைய குழாய்க் குவியலில் விழுந்தான். கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடற்கரை அவனைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினான்.

அதற்குள் தெருவில் இன்னொரு சேதி வந்திருந்தது. தண்ணீர் திறந்துவிடுகிறவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்: இரண்டு நாள் கழித்து வரவேண்டிய தண்ணீர் நாளைக் காலையிலேயே வருகிறதாம்.

"இன்னேரம் வேற ஆளு எங்கன போயித் தேட?" என்றான் கடற்கரை. "தெருப் பக்கம் அடச்சிருவோம். இந்த ஒருதடவ டீச்சர் வீட்டுல நாலு கொடம் வாங்கிக்கிடலாம்."

இசக்கிச்செல்வி சந்துக்குள் போனாள். மீதிக் குழாய்கள், எல்போக்கள், சொல்யூஷன் டப்பா எல்லாம் அங்கேயே கிடந்தன.

"நான் ஒட்டுதேன்" என்றாள்.

"நீயா?"

"பசை தடவ எனக்குத் தெரியாதாக்கும்? தீப்பெட்டிக்கு எத்தன லேபிள் ஒட்டியிருப்பேன்!"

லேபிள் ஒட்டுவது வேறு, குழாய் ஒட்டுவது வேறு என்று முதல் துண்டிலேயே தெரிந்தது. கழிவுத் துண்டொன்றில் சொல்யூஷனைத் தடவிவிட்டு, சரியாகத் தடவியிருக்கிறோமா என்று அவள் அழகு பார்த்த நேரத்தில் அது இறுகத் தொடங்கிவிட்டது. பாதி நுழைந்தது, மீதி நுழையவே இல்லை. இரண்டாவது துண்டை யோசிக்காமல் தடவினாள், ஒரே அழுத்தாக அழுத்தி, கால் சுற்றுத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரம் காயவிட்டு, ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி மறுமுனையில் வாயை வைத்து ஊதினாள். காற்று எங்கும் கசியவில்லை.

"ஏங்க, இங்கன வாங்க! ஒட்டு நிக்குதுங்க!" என்று கூவினாள்.

கடற்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் குழாயைப் பிடிக்க, அவள் முதலில் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்த்து, கரிக்கோடு போட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக ஒட்டினாள். கட்டை அடுக்கிப் பழகிய விரல்கள்; வேகம் வந்துவிட்டால் நிற்காது. ஆனால் அந்த வேகத்திலேயே தொட்டிப் பக்கம் திரும்பவேண்டிய எல்போவை ஆகாசத்தைப் பார்க்க ஒட்டிவிட்டாள்.

கடற்கரை அதையே பார்த்தான். "இது வழியா மழைத்தண்ணி பிடிக்கலாம்" என்றான்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் குழிக்குள் உட்கார்ந்து சிரித்தார்கள். அறுத்தெடுத்துவிட்டு வேறு எல்போ போட்டு ஒட்டினாள். பொழுது இறங்குவதற்குள் கடைசி முனை தரைத்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. குழாயைச் சுற்றி மணலைக் கொட்டினார்கள். மூட்டு இருக்கும் இடங்களை மட்டும் மூடாமல் திறந்து வைத்தார்கள்.

மறுநாள் காலையில் சந்தில் நிற்க இடமில்லை. பொம்பளை ஒட்டிய குழாயில் தண்ணீர் வருமா என்று பார்க்கத் தெருவே வந்துவிட்டது. வேதமணி டீச்சர் தன் வீட்டுக் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். முதலில் குழாய்க்குள் புஸ்ஸென்று காற்று இரைத்தது. பிறகு இருமியது. மணலும் சேறுமாக ஒரு வாய் துப்பியது.

"போச்சு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சொல்லி வாய் மூடுவதற்குள் தண்ணீர் பாய்ந்து வந்து தொட்டியின் எதிர்ச்சுவரில் அடித்தது. கட்டைவிரல் கனத்துக்கு, கண்ணாடி மாதிரி.

இசக்கிச்செல்வி தொட்டியைப் பார்க்கவில்லை. குனிந்து, உலர்ந்த கையால் ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டே போனாள். காய்ந்திருந்தது. அடுத்ததும் காய்ந்திருந்தது. அறுத்து மாற்றிய எல்போ மட்டும் லேசாக வியர்த்தது. துணியைச் சுற்றிக் கட்டினாள். தண்ணீர் நின்ற பிறகு அதை மட்டும் மறுபடி செய்துகொள்ளலாம். பிறகுதான் நிமிர்ந்து தொட்டிக்குள் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தொட்டியில் தண்ணீர் இந்த அளவுக்கு ஏறி அவள் பார்த்ததில்லை. விளிம்பைத் தொட்டு வழியப்போனது.

"மோட்டார் போடுங்க! மோட்டார் போடுங்க!"

அடுப்படிக்கு ஓடிக் குழாயைத் திருகினாள். தண்ணீர் விழுந்த வேகத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியில் பட்டுத் தெறித்து அவள் முகத்தையெல்லாம் நனைத்தது. மூடவேண்டும் என்றே தோன்றவில்லை. பின்னாலேயே வந்த டீச்சர்தான் கையை நீட்டித் திருகி மூடினார்.

"செல்வி, எங்க வீட்டுப் பைப்பும் ஒங்க வீட்டோடதான் போட்டது. எப்ப வருத?"

கையில் கட்டோடு வந்த ஜான்பீட்டர் சந்துக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்தான். "நல்லாத்தான் ஒட்டியிருக்கீய மதினி. எனக்குக் கை கூடுத வரைக்கும் கூட வாரீயளா? டீச்சர் வீட்டு வேலைய ரெண்டுபேருமாச் செஞ்சிருவோம்."

அவன் கை கூடிய பிறகும் இசக்கிச்செல்வி நிற்கவில்லை. மரை போடுவதையும், கசியாமலிருக்க மரையில் சணல் சுற்றுவதையும் பிழை செய்து செய்தே கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் இரும்புச் சாமான் கடைக்காரர் அவளைப் பார்த்து, வீட்டுக்காரரை வரச்சொல்லு என்றார். அவள் நகராமல் நின்று, வேண்டிய எல்போ, மூன்று பக்கம் பிரியும் டீ, வால்வு எல்லாவற்றையும் அளவோடு சொன்னாள். இரண்டு மாதத்தில் அவரே வாடிக்கைக்காரர்களிடம் அவள் வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட பகல் நேரத்தில் பெண்கள் தயங்காமல் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் கடற்கரை ஆபீசிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"ஆபீசுல எல்லாரும் கேக்குதாவ."

அவள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என்ன கேக்குதாவ?"

"ஒம்பொண்டாட்டி எங்க வீட்டுக்கு எப்ப வருவான்னு. எனக்கு மொதல்ல, ஒனக்கு மொதல்லன்னு ரெண்டுபேரு சண்டையே போட்டுட்டான். நான் என்ன சொல்ல?"

வருஷங்கள் போய், எட்டயபுரம் சாலையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றின் வேலை அவளுக்கு வந்தது. மாடி இரண்டிலும் பழைய இரும்புக் குழாய்; மேலே தண்ணீர் ஏறாமல் பிள்ளைகள் வாளி தூக்கியே சலித்துப்போயிருந்தார்கள். இசக்கிச்செல்வி இப்போது தனியாக வேலை எடுக்கிறவள். சுடிதார்மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, துணைக்கு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். வேலை முடிந்து மேல்தொட்டி நிறைந்த அன்று, இரண்டாவது மாடியில் வரிசையாக இருந்த குழாய்களை அவள் திறக்கவில்லை. பிள்ளைகளையே கூப்பிட்டு ஆளுக்கொரு குழாய் முன்னால் நிறுத்தினாள்.

"நான் சொன்னதும் திருகணும். இப்பத் திருகுங்கட்டி!"

அத்தனை குழாயிலும் ஒன்றாகத் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கீழே சமையல்காரம்மா என்னவோ ஏதோவென்று கரண்டியோடு மாடிக்கு ஓடிவந்தாள். ஒருத்தி ஓடும் தண்ணீருக்கு அடியில் தலையை நீட்டிவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் நீட்டினாள். யாரோ அள்ளித் தெளித்த தண்ணீர் இசக்கிச்செல்வியின் சட்டையை நனைத்தது. அவள் சிரித்துக்கொண்டே பைப் ரிஞ்சைச் சுவரோரமாக வைத்துவிட்டு, ஒரு கை நிறையத் தண்ணீரை அள்ளித் திருப்பி எறிந்தாள்.