‘உள்’, ‘வெளி’ என்று பொறித்த குப்பிகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்காக இல்லம் தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும், பட்டறையை அரை நாள் மூடிவிட்டு வந்திருக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்வை நினைவு மலராக ஒழுங்குபட எழுதித் தரவேண்டும் என்பது அக்காவின் கணவரான மாமாவின் விருப்பம். தமிழாசிரியன் என்பதால் இப்பணி என்னிடம் வந்தது. எழுத அமர்ந்தபின் அமர முடியவில்லை. ஒரு பத்தி எழுதுவதும் எழுந்து நடப்பதுமாகவே இக்கட்டுரை உருவாயிற்று. அக்காவைப் பற்றிய எழுத்து அப்படித்தான் உருவாகும் போலும்.

அக்கா அரும்பாவூரில் பிறந்தார். எங்கள் தந்தையார் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் பயிரிட்டவர். மருந்து தெளிக்கும் கருவி அடைத்துக்கொண்டால் தந்தையார் அதைத் தட்டுவார், அக்கா கழற்றுவார். திரும்பப் பூட்டும்போது ஏதேனும் ஒரு திருகாணி மிஞ்சிவிடும். “இது தேவையில்லாத திருகாணிப்பா” என்பார். தந்தையார் நம்பிவிடுவார். “அப்ப தேவையில்லாம அத ஏன்டி வச்சான்?” என்று கேட்பவர் அம்மாதான்.

திருச்சியில் பாலிடெக்னிக் படிப்பில் அவர் இயந்திரப் பிரிவைத் தேர்ந்தபோது உறவினர் பலர் வருந்தினர். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். படிப்பு முடியுமுன் தந்தையார் காலமானார். அம்மா அடுத்தவர் கொல்லைக்கு வெங்காயம் அறுக்கச் சென்றே அவரைப் படிக்க வைத்தார். பின்னர்ச் சென்னைக்கு அருகே, கார்களுக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. காரின் உட்புறத்தைக் குளிர்விக்கும் வாயு ஓடுகின்ற குழாய்கள், குப்பிகள் ஆகியவற்றை வடிவமைப்பதை அங்கேதான் கற்றார்.

மாமா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் பணிபுரிந்தார். திருமணத்திற்குப் பின் பெரம்பலூரில் குடியேறிய அக்கா, மகள் பிறந்த ஓராண்டுக்குள்ளாகவே வெறுமனே இருப்பதைப் பொறுக்க மாட்டாதவர் ஆனார். மாமாவை ஏற்றிச் செல்லும் ஆலைக் கார் ஒவ்வொரு கோடையிலும் குளிரூட்டி பழுதாகி வந்து நிற்கும். ஒருநாள் அதன் முகப்பைத் திறந்து பார்த்த அக்கா, பழுதுற்ற குப்பியைக் கழற்றி வாங்கிவந்து அடுக்களையிலேயே இரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டார்.

அக்குப்பியை மெக்கானிக்குகள் ட்ரையர் என்பார்கள். குளிர்விக்கும் வாயு, காரின் முன்புறமுள்ள கண்டன்சரில் நீர்மமாகி இதற்குள் வந்து விழும். இதனுள் நிரப்பிய மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வலை தூசியைத் தடுக்கும். அடிவரை இறங்கும் ஒரு குழாய் நீர்மத்தை மட்டும் உறிஞ்சிக் காரின் உட்புறம் நோக்கி அனுப்பும். சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுது போட்ட அரியலூர்ச் சாலைகளில் கார் குலுங்கும்போது மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து மாவாகி வழியை அடைத்துவிடுகின்றன என்று அக்கா கண்டறிந்தார். மணிகள் அசையாதபடி சுருள்வில்லால் அழுத்தும் தட்டு ஒன்றை வரைந்தார். பழைய வாயுவை விட்டுப் புதிய வாயுவுக்கு வண்டிகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. புதிய வாயுவுக்கு ஏற்ற மணிகளையும் தேடிப் பிடித்தார். எளம்பலூர்ச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை எடுத்து, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, குப்பி செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு குப்பியையும் காற்றடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று முழங்கையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டே நிற்பார்.

குப்பியின் தலையில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று நீர்மம் நுழைவது, மற்றொன்று வெளியேறுவது. அவற்றின் அருகே தமிழில் பொறிக்கவேண்டும் என்பது அக்காவின் முடிவு. என்னிடம் சொல் கேட்டார். நான் ஒரு வாரம் சிந்தித்துப் ‘புகுவாய்’, ‘விடுவாய்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“என்னடா இது, சாபம் விடற மாதிரி இருக்கு? புகுவாய், விடுவாய்! மெக்கானிக்கு பயந்துக்கிட்டு கும்பிடு போடுவான்டா.”

“அக்கா, புகும் வாய், விடும் வாய். வினைத்தொகை.”

“தொகையெல்லாம் ஒன் பள்ளிக்கூடத்துல வச்சுக்க. எனக்கு ரெண்டு எழுத்துல சொல்லு.”

அவரே ‘உள்’ என்றும் ‘வெளி’ என்றும் முடிவு செய்தார். உலோகத்தின்மேல் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை.

குப்பிகளை முதலில் நம்பி வாங்கியவர் காதர் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல ஆண்டுகள் கார் குளிரூட்டி வேலை பார்த்துத் திரும்பி, பெரம்பலூர் நெடுஞ்சாலையோரம் பட்டறை வைத்தவர். சுற்றுவட்டாரப் பட்டறைகள் பலவற்றுக்கும் அவர் வழியாகவே குப்பிகள் சென்றன. அரியலூர் தனி மாவட்டமாகிப் பின் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்த ஆண்டுகள் அவை. சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தார் குப்பியைப் பார்வையிட வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். தொழிற்சாலை வேலையை விட்டு வந்த நாள் முதல் அக்கா எதிர்பார்த்திருந்த வாய்ப்பு அது.

அந்தச் சித்திரையில் காதர் பாய் அழைப்பு விடுத்தார். பள்ளி விடுமுறையாதலால் நானும் உடன் சென்றேன்.

“வாங்க தங்கச்சி. ஒங்க ட்ரையர மாட்டுன வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வருது. கூலிங்கே இல்ல. ஒரு வண்டில கம்ப்ரசரே ஜாம் ஆயிட்டுது. வாயில வந்தபடி பேசிட்டுப் போறான் மனுசன்.”

அக்கா வண்டியின் முகப்புக்குள் குனிந்து பார்த்தார். பின், “பாய், பைப்ப மாத்தி மாட்டியிருக்கீங்க” என்றார்.

“நானா? அரபிங்க வண்டிக்கே மாட்டுனவன்மா நானு! படிங்க, நீங்கதானே எழுதுனீங்க? உள். உள்ளுன்னா வண்டிக்கு உள்ள போற பைப்பு. வெளி. வெளின்னா வெளிய, முன்னாடி கண்டன்சருக்குப் போற பைப்பு. தமிழ்ல எழுதியிருந்தா தமிழ்லதானே படிக்கணும்?”

“குப்பிக்கு உள்ள வர்ற வழிய சொன்னேன் பாய்.”

“நீங்க குப்பிய பாக்கறீங்க, நான் வண்டிய பாக்கறேன். அல்லா மேல ஆணையா, இங்கிலீசுல இருந்தா நான் படிச்சே இருக்க மாட்டேன். கண்ண மூடிக்கிட்டு மாட்டியிருப்பேன்.”

அவர் சொன்னது உண்மை. ஆங்கில எழுத்துப் பொறித்த குப்பிகளை அவர் படமாகக் கண்டு பழகியவர். தமிழில் கண்டதும் பொருள் தேடிவிட்டார். குழாய் மாற்றிப் பூட்டிய குப்பியில் நீர்மம் அடியிலேயே தங்கும். அதோடு எண்ணெயும் தங்கிவிடும். எண்ணெய் வராத கம்ப்ரசர் நாளடைவில் தேய்ந்து இறுகிப்போகும். அவரிடம் வாங்கிய மற்றப் பட்டறையினரும் அவரைப் பார்த்தே பூட்டியிருந்தனர்.

வீட்டில் மாமா சொன்னார்: “ஏம்மா, தப்பா மாட்டுனது அவரு. நீ ஏன் பதறுற?”

“அவரு தப்பா மாட்டல. நான் எழுதுனத சரியாப் படிச்சிருக்காரு.”

“மெட்ராசுலேருந்து ஆளு வரப்போற நேரம். நீயே ஊரூராப் போயி என் குப்பி சரியில்லன்னு சொன்னா, எவன் வருவான்?”

“நான் சொல்லலன்னா வண்டி சொல்லிரும்ங்க.”

மறுநாளே புறப்பட்டார். எந்தக் குப்பி எந்த வண்டியில் உள்ளது என்ற குறிப்பு எவரிடமும் இல்லை. மொபெட்டின் பின்னிருக்கையில் நான். முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிய அக்கா. வாலிகண்டபுரம், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பட்டறை பட்டறையாக நுழைந்தோம். சாலையோரத்தில் நிறுத்திய கார்களையும் விடவில்லை. கண்ணாடி ஏற்றிய கார் எதிரே வந்தால் மகிழ்வார். இறக்கிய கார் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு துரத்துவார். அக்கினி வெயிலில் எனக்கு மயக்கம் வந்தது. அவருக்குத் தாகம்கூட வரவில்லை.

மீன்சுருட்டியில் ஒரு மண்டப வாசலில் பூச்சரம் சுற்றி நின்ற மாப்பிள்ளைக் காரை ஓட்டுநரிடம் சொல்லித் திறக்கச்செய்து குனிந்துவிட்டார். பட்டுவேட்டிப் பெரியவர் ஒருவர் ஓடிவந்தார்.

“பொண்ணு மாப்ள ஏறப்போற நேரம், பானெட்டத் தொறந்து வச்சுக்கிட்டு... நீங்க யாரும்மா? பொண்ணு வூடா, மாப்ள வூடா?”

“குப்பி வூடுங்க.”

“அது எந்த வூடு?”

“ஏசி போடாம ஓட்டச் சொல்லுங்க. மறுவூடு முடிஞ்சதும் வண்டிய பெரம்பலூருக்கு அனுப்புங்க. எல்லாம் எங்க செலவு.”

“மொய்யி வச்சுட்டுப் போறாங்கப்பா, வண்டிக்கு!” என்று யாரோ சொல்லக் கூட்டமே சிரித்தது. நான்காம் நாள் அந்தக் கார் வந்து சேர்ந்தது.

சென்னை நிறுவனத்தாரிடம் நடந்ததை அக்காவே தொலைபேசியில் தெரிவித்தார். பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு வரவில்லை. அந்த மாதத்திலேயே குப்பியின் தலையை மாற்றி வரைந்தார். நுழையும் வாய் பெரிது, வெளியேறும் வாய் சிறிது. ஒன்றின் குழாய் மற்றதில் பொருந்தாது. எழுத்தே இல்லை.

“ஒரு சொல்லாவது இருக்கட்டுமே அக்கா” என்றேன்.

“வேணாம்டா. சொல்லுன்னா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் பண்ணுவான். மாட்ட முடியலன்னா முடியலதான்.”

தமிழ் கற்பித்து வாழும் எனக்கு அச்சொல் நெடுநாள் உறுத்தியது. அக்குப்பிகள்தாம் இன்று நம் பகுதி வண்டிகள் பலவற்றில் உள்ளன.

தவறாகப் பூட்டிய குப்பிகளை ஏறத்தாழ எல்லாவற்றையும் மீட்டோம். விற்ற கணக்கோடு ஒப்பிட்டபோது ஒன்று மட்டும் அகப்படவில்லை. காதர் பாய் நினைவுகூர்ந்து சொன்னது இவ்வளவே: ஒரு வெள்ளை வேன், பின்னிருக்கையில் வயது முதிர்ந்த ஓர் அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரம் என்று, குளிர்கிறதா என்று பார்க்கக்கூட நில்லாமல் ஜெயங்கொண்டம் சாலையில் போய்விட்டார்கள். அதன்பின் எந்த வெள்ளை வேனைக் கண்டாலும் அக்கா நிறுத்துவார். “வெயில்ல அந்தம்மா என்ன பண்ணியிருக்கும்?” என்பார்.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி என்றார்கள். திருச்சி மருத்துவமனையில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொன்னதுதான் நோயைவிட அவரை வருத்தியது. விரல்கள் போர்வை விளிம்பைத் திருகிக்கொண்டே இருக்கும். பார்க்க வருவோரிடம் வரைபடங்களைப் பற்றிப் பேசினார். மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். நினைவு தளர்ந்த கடைசி நாள்களில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த வெள்ள வேன் வந்துச்சாடா?” ‘வந்துவிட்டது’ என்று சொல்லும்படி உறவினர் சிலர் எனக்குக் குறிப்புக் காட்டினர். “இன்னும் இல்லக்கா” என்றேன். “தேடு” என்றார்.

மருத்துவமனையில் முறைவைத்துக் காத்திருந்த மைத்துனிமார்க்கும், குருதி கொடுத்த ஆலைத் தொழிலாளர்க்கும், ஊர்தியமர்த்தி அக்காவின் உடலை அரும்பாவூர் வரை கொண்டுவந்து சேர்த்த காதர் பாய்க்கும், ஒருநாளும் நிறுத்தாமல் கொட்டகையை நடத்திவரும் அவ்விரு பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இம்மலர் போகும் ஊர்களில் வேன் ஓட்டுவோர், வைத்திருப்போர் இருப்பீர்கள். உங்களுக்கோ உங்கள் அண்டை வீட்டாருக்கோ உரிய வெள்ளை வேன் ஒன்றின் முகப்புக்குள், தலையில் ‘உள்’, ‘வெளி’ என்று பொறித்த குப்பி இருக்கிறதா என்று அன்புகூர்ந்து பாருங்கள். அந்த வண்டி இன்று ஓடாமல் நின்றிருந்தாலும், அந்த அம்மா இன்று இல்லாமற்போயிருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள். குப்பி சரியாகவே பூட்டப்பட்டுப் பயணம் முழுதும் குளிர்ந்தது என்றாலும் வந்து சொல்லுங்கள். எளம்பலூர்ச் சாலைக் கொட்டகையில் மாமா இருப்பார். அவ்வண்டிக்கென்று புதுக் குப்பி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறோம்.