வாஷர்காரர் வீட்டு மீட்டர்

எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், "பயப்படாதீங்க, ஒரு வாஷர் போட்டா சரியாப் போயிடும்" என்பதே அவர் முதலில் சொல்லும் சொல். ஆகவே தெருவார் அவருக்கு 'வாஷர்காரர்' என்று பெயர் சூட்டிவிட்டனர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் ஓய்வெடுத்துக்கொண்டது.

அவருடைய வேலைமுறையே தனி. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்வார். நீளமான திருப்புளியின் முனையைக் குழாயின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதைப் பொருத்திக்கொள்வார். "யாரும் பேசாதீங்க. மூச்சைக்கூட மெதுவா விடுங்க" என்பார். சுவருக்குள் கசியும் நீரும் அந்தக் காதுக்குத் தப்பியதில்லை.

சென்ற ஆண்டு ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை பழைய வலுவைப் பெற நான்கு மாதமாயிற்று. அதுவரை வருமானம் இல்லை. விபத்துக்குச் சற்று முன்புதான் மனைவிக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு தவணைகள் நின்றுபோயின.

வசூலுக்கு வந்தவர் தன்மையாகத்தான் பேசினார். "அண்ணே, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. முதலாளிக்குப் புரியணுமே? அடுத்த மாசக் கடைசிக்குள்ள பாக்கி ரெண்டையும் கட்டிடுங்க. இல்லன்னா மெஷினை வண்டியில ஏத்திடுவாங்க."

அவர் படியிறங்கிய சற்று நேரத்தில் அம்மாதத்துக் கரண்ட் பில் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு தவணைத் தொகை! கை முறிவதற்கு முன் வந்ததைவிட அது ஒன்றரை மடங்கு.

வாஷர்காரர் பில்லையும் பார்த்தார், மெஷினையும் பார்த்தார். "இது வந்த பிறகுதான் பில் ஏறுது. கரண்டைக் குடிக்கிறது உன் மெஷின்தான்."

"மெஷினைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க, அதுமேலயே பழியும் போடுறீங்க. நல்லா இருக்கு" என்றாள் மனைவி.

அன்றுமுதல் வீட்டில் சிக்கன ஆட்சி தொடங்கியது. கூடத்து விளக்குகளில் ஒன்று கழற்றப்பட்டது. ஃபிரிட்ஜ் காலிசெய்யப்பட்டுச் சும்மா நின்றது. இஸ்திரிப்பெட்டி பரண் ஏறியது. மெஷினுக்கு மேலே தொங்கிய விளக்கும் போயிற்று. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுவிட்சுகளைக் காவல் காத்தார். நாள்தோறும் காலையில் மீட்டர் எண்ணைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதினார்.

மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்த்த மகள்தான் முதலில் முணுமுணுத்தாள். "அப்பா, இந்தச் சுருக்கம் விழுந்த துணியில என்னைப் பாத்துட்டு, வர்ற நோயாளிங்க 'உனக்கு என்னம்மா உடம்புக்கு'ன்னு என்னையே விசாரிக்கிறாங்க."

"அன்பா விசாரிக்கிறாங்க இல்ல? இருக்கட்டும்."

மனைவிக்கு நேர்ந்தது சிரிப்பாகப் போகவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நாற்பது சீருடைகள் தைக்க ஆர்டர் வந்தது. சன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் குறித்த நாளில் முடியாது. "ஒரு வாரத்துல சொல்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, விளக்கு தொங்கிய இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

சிக்கனம் தொடங்கிப் பத்து நாளாயிற்று. சுவரில் எழுதிய எண்களைக் கழித்துப் பார்த்த வாஷர்காரருக்கு முகம் கறுத்தது. இவ்வளவு பாடுபட்டும் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுகூட முழுதாகக் குறையவில்லை.

"நான் வெளிய போனதும் இந்த வீட்டுல என்னதான் நடக்குது?"

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "கதவைச் சாத்திட்டு நானும் உங்க பொண்ணும் கரண்டைக் கரைச்சுக் குடிக்கிறோம். ஏங்க, வர்ற ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போகாதீங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டர் முன்னாடி உக்காருவோம். திருடன் யாருன்னு தெரிஞ்சுடும்."

ஞாயிறு பிற்பகல் மூன்று நாற்காலிகள் மீட்டருக்கு எதிரே போடப்பட்டன. வீட்டில் எதுவும் ஓடவில்லை. மீட்டரின் சிவப்புப் புள்ளி கண் சிமிட்டாமல் நின்றது.

"சினிமா எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று மகள் கொட்டாவி விட்டாள்.

அரை மணி நேரம் சென்றது. திடீரென்று பின்கட்டில் உறுமல் கேட்டது. சிவப்புப் புள்ளி படபடவென்று துடித்தது.

"தண்ணி மோட்டாரைப் போட்டது யாரு?"

"மேல்தொட்டி குறைஞ்சா அதுவா ஓடுற மாதிரி நீங்கதானே வெச்சீங்க?" என்றாள் மனைவி.

"காலையில குளிச்சு முடிச்சதும் நிரம்பி நின்னுச்சே. அதுக்கப்புறம் தண்ணியைத் திறந்தது யாரு?"

"திறக்கக்கூடிய மூணு பேரும் இங்கதான் உக்காந்திருக்கோம்."

வாஷர்காரர் எழுந்து, பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து, சமையலறைக் குழாயில் காதை வைத்தார்.

"அம்மா, மூச்சை மெதுவா விடு" என்றாள் மகள்.

அங்கே ஓசையில்லை. குளியலறையிலும் இல்லை. கழிவறையின் ஃபிளஷ் தொட்டிக்குச் செல்லும் குழாயில் திருப்புளி பட்டதும் அவர் காதை இன்னும் அழுத்திக்கொண்டார். சீரான, மெல்லிய இரைச்சல். மூடியைத் தூக்கினார். அடியிலிருந்த ரப்பர் வாஷரின் விளிம்பு வெடித்திருந்தது. நீர் பீங்கானோடு ஒட்டி, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாஷரை அவருக்கு நன்றாகத் தெரியும். கையில் மாவுக்கட்டோடு இருந்தபோது, வேறொரு குழாய்க்காரரைத் தம் வீட்டுக்கு அழைக்க மானம் இடம் கொடுக்காமல், இடது கையால் தாமே மாட்டியது. வாடிக்கையாளர் வீடுகளில் கழற்றிய பழைய வாஷர்களை அவர் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். பிறர் வீட்டுக்கு அவற்றில் ஒன்றையும் போட்டதில்லை. 'நம்ம வீட்டுக்குத்தானே, இது போதும்' என்று அன்று எடுத்தது அந்த டப்பாவிலிருந்துதான்.

மனைவி கதவருகே வந்து நின்றாள். வசவுக்குத் தயாராக அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ, என் மெஷின் குடிக்கல?"

"ம்ம்."

"ம்ம்னா? வாயைத் திறந்து சொல்லுங்க."

"உன் மெஷின் குடிக்கல. இத்தனை மாசமாக் குடிச்சது நான் போட்ட வாஷர்."

"அப்படின்னா முதல்ல என் விளக்கை மாட்டுங்க. வாஷர் அப்புறம்."

தொட்டிக் குழாயை அடைத்துவிட்டு விளக்கை மாட்டினார். பிறகு சாமான் கடைக்குப் போய்ப் புது வாஷர் கேட்டார்.

"யார் வீட்டுக் கணக்குலண்ணே எழுதட்டும்?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீடுதான்."

"உங்க வீட்டுக்கா! இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்குறீங்க."

புது வாஷருக்கு ஒரு தேநீரின் விலைகூட ஆகவில்லை.

மனைவி அன்றே பள்ளிக்கூடத்துக்குச் சம்மதம் சொல்லியனுப்பினாள். மாலைதோறும் மெஷின் ஓடியது. குறித்த நாளுக்கு முதல்நாளே நாற்பது சீருடைகளும் போய்ச் சேர்ந்தன. ஒரு தவணைக்கான பணம் அந்தக் கூலியில் வந்தது. அடுத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்த மிச்சத்தோடு வாஷர்காரர் தம் சம்பாத்தியத்தைச் சேர்த்து மற்றொரு தவணையை நிரப்பினார். ஃபிரிட்ஜ் மீண்டும் உயிர்பெற்றது. இஸ்திரி மட்டும் வாரம் ஒருமுறை மொத்தமாக என்று மகளோடு உடன்பாடாயிற்று.

மாதக் கடைசியில் வசூல்காரர் இரண்டு ரசீதுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மெஷினைப் பார்த்து, "பொழச்சுட்டே போ" என்று சிரித்தபடி விடைபெற்றார்.

வாஷர்காரரின் கை பழக்கத்தில் மெஷின்மேல் எரிந்த விளக்கின் சுவிட்சை நோக்கிப் போயிற்று. மெஷினருகே மனைவி ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சுவிட்சைத் தொட்ட விரல் அழுத்தாமல் நின்றது.

"நூல் கோத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

சுவிட்சின்மேல் விரலை வைத்தபடியே அவர் காத்திருந்தார்.